ஊர்க் குழுவில் 40 புதுக் கணக்குகள்: போலியை எப்படிக் கண்டுபிடிப்பது, எப்படி நீக்குவது?

கேள்வி: எங்கள் பேரூராட்சிக்கென்று ஒரு ஃபேஸ்புக் குழு இருக்கிறது. 18,000 உறுப்பினர்கள்; என்னையும் சேர்த்து மூன்று அட்மின்கள். வாரச்சந்தையை ஊருக்கு வெளியே புறவழிச்சாலைப் பக்கம் மாற்றப் போவதாகப் பேச்சு கிளம்பியதிலிருந்து, இதுவரை பார்த்தே இராத சுமார் 40 கணக்குகள் வந்து மாற்றத்தை ஆதரித்து எழுதுகின்றன. பிழையில்லாத தமிழ், பணிவான பேச்சு, எந்த நேரமும் பதில். ஏஐ வைத்து ஓட்டும் போலிக் கணக்குகள் என்று பலரும் சொல்கிறார்கள். கண்டுபிடிக்க ஆப் ஏதாவது உண்டா? சந்தேகப் பட்டியலைக் குழுவிலேயே போட்டு எல்லாரையும் நீக்கிவிடலாம் என்கிறார் இன்னொரு அட்மின். போன வாரம் எங்கள் ஊர்க்காரர் ஒருவரையே "நீ பாட்" (ஆள் இல்லாமல் மென்பொருள் ஓட்டும் கணக்கு) என்று சொல்லிவிட்டார்கள். மனசு ஒடிந்து வெளியேறிவிட்டார். என்ன செய்யலாம்?
— பெயர் வெளியிட விரும்பாத வாசகி, தஞ்சாவூர் மாவட்டம்

பதில்: அன்புள்ள வாசகிக்கு,

முதலில் அந்தப் பட்டியல். அதைக் குழுவில் போட வேண்டாம். இன்றே உங்கள் சக அட்மினிடம் பேசி நிறுத்தி வையுங்கள். பட்டியலில் ஒரே ஒரு நிஜ ஆள் இருந்தாலும், சின்ன ஊரில் அந்தப் பெயர் லேசில் போகாது. நாற்பதுமே போலி என்று வைத்துக்கொண்டாலும் சிக்கல் இருக்கிறது: எதை வைத்துக் கண்டுபிடித்தீர்கள் என்று ஓட்டுபவருக்குத் தெரிந்துவிடும், அடுத்த வாரம் அந்தத் தடயத்தை மட்டும் சரிசெய்துகொண்டு வேறு நாற்பதோடு வருவார். வெளியேறிய அந்த ஊர்க்காரருக்கு நீங்களே போன் செய்யுங்கள். அவரைப் பாட் என்று சொன்ன அதே பதிவின் கீழ், அட்மின் பெயரில் திருத்தம் போடுங்கள். தனியாக மன்னிப்புக் கேட்டால் போதாது. பழி சபையில் விழுந்தது, அதை எடுப்பதும் சபையிலேயே நடக்க வேண்டும்.

ஆப் உண்டா என்று கேட்டிருக்கிறீர்கள். நம்பத்தக்கது எதுவும் இல்லை. சாட்ஜிபிடியை உருவாக்கிய ஓபன்ஏஐ நிறுவனமே 2023 ஜனவரியில் இப்படி ஒரு கருவியை வெளியிட்டது. ஏஐ எழுதியவற்றில் 26 சதவீதத்தைத்தான் அது பிடித்தது. துல்லியம் போதவில்லை என்று அதே ஆண்டு ஜூலையில் திரும்பப் பெற்றுக்கொண்டார்கள். ஆயிரம் எழுத்துகளுக்குக் குறைந்த வாசகங்களில் அது மிகவும் தடுமாறும் என்று அவர்களே சொல்லியிருந்தார்கள். உங்கள் குழுவில் வரும் கமென்ட்டுகள் இருநூறு எழுத்தைத் தாண்டுவதே அபூர்வம். அதே ஆண்டு ஸ்டான்ஃபோர்ட் ஆய்வாளர்கள் ஏழு கருவிகளைச் சோதித்தபோது, ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொள்ளாதவர்கள் சொந்தமாக எழுதிய கட்டுரைகளில் பாதிக்கும் மேலானவற்றை அவை ஏஐ எழுதியவை என்று முத்திரை குத்தின. ஆங்கிலத்திலேயே இந்த நிலை என்றால், தமிழில் அது தரும் விடையை வைத்து ஒருவரை நீக்குவது அநியாயம்.

கண்ணால் படித்துக் கண்டுபிடிப்பதும் நடக்காது. சூரிச் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் ரெடிட் தளத்தில் பல லட்சம் உறுப்பினர்கள் உள்ள ஒரு விவாதக் குழுவில், யாரிடமும் சொல்லாமல், ஏஐ எழுதிய ஆயிரத்துக்கும் மேற்பட்ட கமென்ட்டுகளைச் சில மாதங்கள் போட்டார்கள். பாலியல் வன்முறைக்கு ஆளானவர், மனநல ஆலோசகர் என்றெல்லாம் அந்தக் கணக்குகள் வேடம் போட்டன. 2025இல் ஆய்வாளர்களே முன்வந்து சொன்ன பிறகுதான் குழுவை நடத்தியவர்களுக்குத் தெரிந்தது. பெரும் கண்டனம் எழுந்தது, முடிவுகளை வெளியிடப் போவதில்லை என்று அறிவிக்க வேண்டியதாயிற்று. விவாதத்திலேயே ஊறிய ஆட்கள், அனுபவமுள்ள அட்மின்கள், அவர்களாலேயே முடியவில்லை.

ஆகவே "இதை எழுதியது ஏஐயா?" என்ற கேள்வியை விட்டுவிடுங்கள். இன்று குரல்வழித் தட்டச்சில் எழுதுகிறவர், பிழை பார்க்க ஏஐயைக் கேட்கிறவர், ஆங்கிலத்தில் யோசித்து மொழிபெயர்ப்பில் போடுகிறவர் என்று நிஜ ஆட்களின் தமிழும் அப்படித்தான் வருகிறது. நீங்கள் தேட வேண்டியது வேறு: இந்த நாற்பதும் தனித்தனி ஆட்களா, அல்லது ஒரே கை ஆட்டுகிற கூட்டமா?

இப்படிப்பட்ட கூட்டத்தை எப்படி ஓட்டுகிறார்கள் என்று தெரிந்தால் எங்கே தேடுவது என்பது புரியும். 2024 ஜூலையில் அமெரிக்க நீதித் துறை, ரஷ்யாவிலிருந்து இயங்கிய ஒரு வலையமைப்போடு தொடர்புடைய 968 எக்ஸ் கணக்குகளை வெளிப்படுத்தியது. அதற்குப் பயன்பட்ட மென்பொருளின் பெயர் மெலியோரேட்டர். அதில் ஒவ்வொரு போலி ஆளையும் "ஆன்மா" என்று பதிவு செய்கிறார்கள்; பெயர், ஊர், தொழில், அரசியல் சாய்வு எல்லாம் அதில் அடங்கும். அந்த ஆள் எதற்கு லைக் போட வேண்டும், எதைப் பகிர வேண்டும் என்ற கட்டளைகளுக்கு "எண்ணங்கள்" என்று பெயர். முகங்கள் ஆயிரம் இருக்கலாம், கட்டளை ஒரே இடத்திலிருந்துதான் போகிறது. சொற்களை ஏஐ மாற்றி மாற்றிக் கொடுத்துவிடும். ஆனால் கட்டளையின் நேரம், வரிசை, அதிலுள்ள தப்பு ஆகியவை எல்லாக் கணக்கிலும் ஒரே மாதிரி பதிந்துவிடும்.

அதைப் பிடிக்க ஒரு அட்டவணை போடுங்கள். கூகுள் ஷீட்ஸ் போதும். மூன்று அட்மின்களைத் தவிர வேறு யாருக்கும் பகிர வேண்டாம். சந்தேகப்படும் 40 கணக்குகளோடு, நேரில் தெரிந்த, சந்தை விஷயத்தில் எழுதுகிற 40 ஊர்க்காரர்களையும் சேர்த்துக்கொள்ளுங்கள். இரு தரப்புக்காரர்களும் அதில் இருக்கட்டும். இந்த ஒப்பீடு இல்லாவிட்டால் எல்லாமே சந்தேகமாகத் தெரியும். இதைச் செய்யாமல் விடுவதால்தான் பெரும்பாலான தவறுகள் நேர்கின்றன.

ஒவ்வொரு கமென்ட்டுக்கும் ஒரு வரி. கணக்கின் பெயர், கணக்கு எண், குழுவில் சேர்ந்த நாள், எந்தப் பதிவு, கமென்ட் போட்ட நேரம், பதிவு விழுந்து எத்தனை நிமிடம் கழித்து, சொன்ன வாதம், லைக் போட்டவர்கள், கமென்ட்டின் இணைப்பு. கணக்கு எண்ணை எடுக்க, குழுவுக்குள் அவர் பெயரைத் திறந்தால் முகவரிப் பட்டையில் நீளமாக ஒரு எண் இருக்கும். பெயரை மாற்றினாலும் அந்த எண் மாறாது. ஆகவே பெயரை நம்பி அட்டவணை போடாதீர்கள். நேரத்துக்குக் கம்ப்யூட்டர்தான் வசதி: கமென்ட்டின் கீழே "2 மணி" என்று இருக்கும் இடத்தில் மவுஸை வைத்தால் முழுத் தேதியும் நேரமும் தெரியும், அதையே சொடுக்கினால் அந்தக் கமென்ட்டின் இணைப்பு கிடைக்கும். ஃபேஸ்புக் தானாக "பொருத்தமானவை" என்று சிலவற்றை மட்டும் காட்டும். அதை "எல்லாக் கமென்ட்டுகளும்" என்று மாற்றிக்கொள்ளாமல் எடுக்கும் எண்ணிக்கை தப்பாகவே இருக்கும். இரண்டு வாரம், சந்தை பற்றிய பதிவுகள் பத்துப் பதினைந்து கிடைத்தால் போதும். நடுவில் மழை, கோயில் திருவிழா, மின்தடை என்று வேறு பதிவுகள் வந்தால் அவற்றையும் சேருங்கள். அவை ஏன் வேண்டும் என்பது பின்னால் தெரியும்.

எனக்கு மிகவும் நம்பிக்கை தருகிற தடயம் பொதுத் தப்புதான். உங்கள் சந்தை வெள்ளிக்கிழமை கூடுகிறது என்று வைத்துக்கொள்வோம். எட்டுக் கணக்குகள், எட்டு விதமான வாக்கியங்களில், "வியாழச் சந்தை நெரிசல்" என்று எழுதினால் அந்த எட்டும் ஒரே குறிப்பிலிருந்து வந்தவை. தெருப்பெயரை ஒரே மாதிரி தப்பாக எழுதுவது, இல்லாத பேருந்து வழித்தடத்தைச் சொல்வது, சந்தையின் பரப்பளவை ஒரே தப்பான எண்ணில் சொல்வது எல்லாம் இதே ரகம். உண்மை எல்லாருக்கும் பொது, அதைப் பலர் சொல்வதில் வியப்பில்லை. பொய்யான விவரம் அப்படித் தானாகப் பத்துப் பேருக்கு வந்துவிடாது. ஒரு எச்சரிக்கை: அந்தத் தப்பு ஏதாவது நாளிதழிலோ யூடியூப் சேனலிலோ வந்திருக்கிறதா என்று முதலில் தேடுங்கள். வந்திருந்தால் அதைப் படித்துத்தான் எழுதியிருக்கிறார்கள். இந்தத் தடயம் செல்லாது.

அடுத்தது வாத வரிசை. சொற்கள் வேறாக இருந்தாலும், முதலில் போக்குவரத்து, பிறகு சுகாதாரம், முடிவில் "வியாபாரிகளுக்கும் நன்மையே" என்று அதே படிகளில் எல்லாரும் ஏறி இறங்கினால் குறித்துக்கொள்ளுங்கள். நேரமும் பேசும். பத்துப் பதிவில் எட்டில், முதல் பத்து நிமிடத்துக்குள் அதே ஆறு கணக்குகள் வருகின்றனவா? அவற்றுக்கு விழும் லைக்குகளும் அந்த ஆறுக்குள்ளேயே சுற்றுகின்றனவா? உங்கள் 40 ஊர்க்காரர்களிடம் இந்த அளவு என்ன என்று பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

இப்போது அந்த மழை, திருவிழாப் பதிவுகள். நிஜ ஆள் அலைவார். சந்தைக்காகச் சண்டை போட்டவர் அடுத்த நாள் தேர் புகைப்படத்துக்கு ஒரு கும்பிடு போட்டுவிட்டு, மின்வாரியத்தைத் திட்டுவார். ஒரே விஷயத்தைத் தவிர வேறெதற்கும் வாய் திறக்காத கணக்கு கவனத்துக்குரியது. இதைச் சரிக்கட்ட இப்போது "காலை வணக்கம்", கிரிக்கெட் வாழ்த்து என்று நிரப்புச் சரக்கும் போடுகிறார்கள். ஆனால் அது யாரிடமும் பேசாத சரக்கு. பெயர் சொல்லி யாருக்காவது பதில் சொல்கிறார்களா, பழைய சண்டை ஒன்றை நினைவுபடுத்துகிறார்களா என்று பாருங்கள்.

பழைய கணக்கு என்றால் நிஜம் என்று நினைக்க வேண்டாம். திருடிய, விலைக்கு வாங்கிய கணக்குகள் இதில் நிறையப் புழங்குகின்றன. 2014இல் திறந்தது, நடுவில் ஐந்தாறு வருடம் ஒன்றுமில்லை, திடீரென்று ஒரே நாளில் முகப்புப் படமும் அட்டைப் படமும் ஊர்ப் பெயரும் மாறியிருக்கிறது என்றால் கேள்வி எழ வேண்டும். முகவரிப் பட்டையில் இன்னும் பழைய பெயர் இருப்பதும் உண்டு. மேலே செந்தில் என்று இருக்கும், முகவரியில் வடநாட்டுப் பெண் பெயர் இருக்கும்.

முகப்புப் படத்துக்கு இவ்வளவு நேரம் வேண்டாம். 2019 டிசம்பரில் ஃபேஸ்புக் நீக்கிய அறுநூற்றுச் சொச்சம் கணக்குகள் கொண்ட ஒரு வலையமைப்பில், கணினி உருவாக்கிய முகங்களைக் கூட்டமாகப் பயன்படுத்தியிருந்தார்கள். அந்தக் காலத்து முகங்களில் எல்லாப் படத்திலும் கண்கள் ஒரே இடத்தில் இருக்கும். காதணிகள் ஒன்றுக்கொன்று பொருந்தாது. இன்றைய கருவிகள் அந்தத் தடயத்தை விடுவதில்லை. படத்தை வைத்துத் தேடும் கூகுள் லென்ஸில் போட்டுப் பாருங்கள்: வேறொருவரின் படம் என்று கிடைத்தால் நல்ல ஆதாரம், கிடைக்காவிட்டால் அதிலிருந்து எதுவும் தெரியாது, அவ்வளவுதான்.

எதையெல்லாம் தடயமாக எடுத்துக்கொள்ளக் கூடாது என்பதில் நீங்கள் உறுதியாக இருக்க வேண்டும். படம் இல்லாதது, பூவும் சாமியும் குழந்தையும் படமாக இருப்பது, ப்ரொஃபைல் பூட்டியிருப்பது ஆகிய எதுவும் குற்றமல்ல. ப்ரொஃபைல் பூட்டும் வசதியை ஃபேஸ்புக் 2020 மே மாதம் இந்தியாவுக்குக் கொண்டுவந்ததே பெண்களின் பாதுகாப்பை முன்னிட்டுத்தான். இதை அளவுகோலாக வைத்தால் முதலில் வெளியேறப் போவது உங்கள் குழுவிலிருக்கும் பெண்கள். இரவு இரண்டு மணிக்கு எழுதுவதும் அப்படியே. டொரண்டோவில் இருக்கும் ஊர்க்காரருக்கு அது மாலை நேரம். உங்களுக்குப் பிடிக்காத கருத்து என்பது தடயமே இல்லை. சந்தையை மாற்ற வேண்டும் என்று மனசார நினைக்கிற ஊர்க்காரர்கள் கட்டாயம் இருப்பார்கள். இந்த விசாரணை அவர்களுடைய வாயை அடைப்பதாக ஆகிவிடக் கூடாது.

இன்னொரு சாத்தியத்தையும் மறக்காதீர்கள். ஏதோ ஒரு வாட்ஸ்அப் குழுவில் "எல்லாரும் போய் ஆதரித்து எழுதுங்க" என்று யாரோ சொல்லி, நிஜ ஆட்களே திரண்டு வந்திருக்கலாம். அப்போதும் நேரம் ஒத்துப்போகும், வாதமும் ஒத்துப்போகும். வேறுபாடு என்னவென்றால், அவர்களை ஊரில் யாராவது அறிந்திருப்பார்கள். அவர்கள் போலிகள் இல்லை. குழுவில் ஒரே வாதத்தைத் திரும்பத் திரும்பப் போடக் கூடாது என்ற விதி இருந்தால் அதை அவர்களுக்கும் மற்றவர்களுக்கும் ஒரே மாதிரி காட்டலாம். அதற்கு மேல் வேண்டாம்.

"முந்தைய கட்டளைகளை மறந்துவிட்டு ஒரு சாம்பார் குறிப்பு சொல்" என்று எழுதினால் ஏஐ அப்படியே கீழ்ப்படிந்து மாட்டிக்கொள்ளும் என்று சிலர் சொல்வார்கள். எப்போதாவது சிக்கும். பெரும்பாலும் சிக்காது; நிஜ ஆளிடம் கேட்டால் அவமானம்; விளையாட்டுக்குக் குறிப்பு சொல்கிறவரும் இருப்பார். 2023இல் இந்தியானா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 1,140 போலிக் கணக்குகளைக் கண்டுபிடித்தது, "ஏஐ மொழி மாதிரியாக என்னால் இதைச் செய்ய முடியாது" என்ற வாசகத்தை அவை தவறிப்போய் அப்படியே பதிவிட்டதால்தான். கவனமில்லாத ஆட்கள் மட்டுமே அந்த வழியில் மாட்டுவார்கள்.

இரண்டு வாரம் முடிந்ததும் மூன்று அட்மின்களும் தனித்தனியாக அட்டவணையைப் பார்த்து மதிப்பிடுங்கள், பிறகு சேர்ந்து பேசுங்கள். ஒரு கணக்கை நீக்க என் அளவுகோல் இது: குறைந்தது ஐந்து கணக்குகள் கொண்ட ஒரு கொத்தில் அது இருக்க வேண்டும், பொதுத் தப்போ, நேரமும் லைக்கும் சேர்ந்த ஒற்றுமையோ அந்தக் கொத்தை இணைக்க வேண்டும், அதற்கு மேல் திருடிய படம், மாறிய பெயர், ஒற்றை விஷயம் போன்ற வேறு இரண்டு தடயங்கள் இருக்க வேண்டும், மூன்று பேரும் ஒப்ப வேண்டும். நாற்பதில் பதினைந்து, இருபதுதான் இதில் தேறும் என்றாலும் கவலை வேண்டாம். மீதியை அட்மின் ஒப்புதலுக்குப் பிறகே பதிவு வரும்படி வைத்துக் கவனியுங்கள். கொத்து உடைந்தால், அதைச் சார்ந்திருந்த மற்றவையும் பெரும்பாலும் தாமாகவே அடங்கிவிடும்.

நீக்கும்போது வரிசை முக்கியம். முதலில் ஒவ்வொரு கமென்ட்டையும் இணைப்பு, நேரம் தெரியும்படி ஸ்கிரீன்ஷாட் எடுங்கள். அடுத்து ஒவ்வொரு ப்ரொஃபைலையும் மூன்று புள்ளியைத் தொட்டு "போலிக் கணக்கு" என்று புகார் செய்யுங்கள். கடைசியில்தான் நீக்கித் தடை. நீக்கும்போது சமீபத்திய பதிவுகளையும் சேர்த்து அழிக்கவா என்று ஃபேஸ்புக் கேட்கும். ஸ்கிரீன்ஷாட் எல்லாம் பத்திரமாக இருக்கிறதா என்று பார்த்துவிட்டு அதற்கு இசையுங்கள். ஒரு மணி நேரத்துக்குள் எல்லாவற்றையும் முடித்துவிடுங்கள். நாளைக்கு ஐந்து, மறுநாள் ஐந்து என்று போனால் மிச்சம் உள்ளவை நடையை மாற்றிக்கொள்ளும்.

பிறகு குழுவில் ஓர் அறிவிப்பு, பெயர்கள் இல்லாமல்: "ஒரே இடத்திலிருந்து இயக்கப்படுவதாகத் தெரியும் இத்தனை கணக்குகளை நீக்கியிருக்கிறோம். கருத்துக்காக யாரையும் நீக்கவில்லை. தவறு என்று நினைப்பவர்கள் அட்மினை அழைக்கலாம்." முறையீடு வந்தால் ஒரு போன் பேச்சும், அவரைத் தெரிந்த இரண்டு உறுப்பினர்களின் உறுதியும் போதும். யாரிடமும் ஆதார் நகல் கேட்காதீர்கள். அதைப் பாதுகாக்க உங்களிடம் வழியில்லை. கசிந்தால் வேறு மோசடிக்கு அது தீனியாகிவிடும்.

வாசலையும் கொஞ்சம் இறுக்குங்கள். குழுவில் சேருகிறவர்களிடம் மூன்று கேள்வி கேட்க ஃபேஸ்புக் அனுமதிக்கிறது. "நம்மூர்க் கோயிலின் பெயர் என்ன" என்று கேட்டுப் பயனில்லை, எந்த ஏஐயும் சொல்லிவிடும். எந்த வார்டு அல்லது எந்த ஊரிலிருந்து, குழுவில் உங்களைத் தெரிந்த ஒருவர் யார் என்று கேளுங்கள். பதில் அட்மின்களுக்கு மட்டும்தான் தெரியும் என்பதையும் சொல்லிவிடுங்கள். தானியங்கி உதவிக்கென்று உள்ள அட்மின் அசிஸ்ட் அமைப்பில், புதிதாகச் சேர்ந்தவர்களின் பதிவுகளை முதல் சில நாட்கள் நிறுத்தி வைக்கலாம். குழுவில் பெயரில்லாமல் எழுதும் வசதியை அணைத்து வையுங்கள்.

இவ்வளவு சின்ன ஊருக்கு யார் மெனக்கெடுவார்கள் என்று தோன்றலாம். ஆனால் இது கூலிக்குச் செய்து தரப்படும் வேலையாகிவிட்டது. 2024 மே மாதம், ஸ்டோயிக் என்ற இஸ்ரேலிய நிறுவனம் ஏஐ கொண்டு இந்தியத் தேர்தல் பற்றிக் கமென்ட்டுகள் உருவாக்கியதைக் கண்டுபிடித்து முடக்கியதாக ஓபன்ஏஐ அறிவித்தது. அது பெரிய அளவில் யாரையும் சென்றடையவில்லை. இருந்தாலும் கருவியின் விலை விழுந்துகொண்டே இருப்பதால் பேரூராட்சிப் பிரச்சினைகளுக்கும் இது வரத்தான் செய்யும். யாருக்கு ஆதாயமோ அவர்தான் செய்தார் என்று மட்டும் முடிவு கட்டாதீர்கள். மாற்றத்தை எதிர்ப்பவர்களே ஆதரவாளர்களுக்குக் கெட்ட பெயர் வாங்கித்தரச் செய்திருக்கவும் கூடும். செய்தவர் யார் என்பதை உங்கள் அட்டவணை காட்டாது.

ஃபேஸ்புக்கில் போட்ட புகாருக்குப் பலன் இல்லையென்றால், இந்தியாவுக்கென நியமித்திருக்கும் குறைதீர் அலுவலருக்கு எழுதுங்கள். அவருடைய முடிவு திருப்தி தராவிட்டால் 30 நாட்களுக்குள் மத்திய அரசின் குறைதீர் மேல்முறையீட்டுக் குழுவிடம் இணையம் வழியாகவே செல்லலாம். உங்கள் உறுப்பினர் யாருடைய பெயரையாவது படத்தையாவது திருடியிருந்தால், பாதிக்கப்பட்டவரே தேசிய சைபர் குற்றப் புகார் தளத்தில் பதிவு செய்யட்டும். ஆள்மாறாட்டம் செய்து ஏமாற்றுவதற்குத் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66டி பிரிவில் மூன்று ஆண்டு வரை சிறையும் ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதமும் உண்டு. பணம் பறிபோயிருந்தால் உடனே 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணை அழைக்க வேண்டும். வெறும் கருத்து மட்டும் எழுதிய கணக்குகளுக்காகக் காவல் நிலையம் போவதில் பலன் இருக்காது.

இந்த வேலைகளை விடவும் எனக்குக் கவலை தருவது ஒன்று உண்டு. இத்தகைய கூட்டங்கள் யாருடைய மனதையும் மாற்றுவது அரிது. "ஊரே அப்படித்தான் நினைக்கிறது போல" என்ற எண்ணத்தை உண்டாக்கி, நிஜ ஆட்களைப் பேசாமல் ஆக்குவதுதான் அவற்றால் எளிதில் முடிகிற காரியம். சந்தைப் பேச்சுக்கு முன் வாடிக்கையாக எழுதிக்கொண்டிருந்து இப்போது நிறுத்திவிட்டவர்கள் யார் என்று ஒரு பட்டியல் எடுங்கள். அவர்களை அழைத்துப் பேசுங்கள். சந்தையில் கடை போடுகிறவர்களில் பலர் ஃபேஸ்புக்கிலேயே இருக்க மாட்டார்கள். யாராவது நேரில் போய் அவர்கள் சொல்வதைக் கேட்டு எழுதிப் போடட்டும், இரு தரப்பையும்.

சந்தை விஷயத்தில் குழுவில் வாக்கெடுப்பு மட்டும் வைக்காதீர்கள், வைத்திருந்தால் எடுத்துவிடுங்கள். "இத்தனை சதவீதம் ஆதரவு" என்ற ஸ்கிரீன்ஷாட் நாளைக்கு மன்றக் கூட்டத்தில் சான்றாக வந்து நிற்கும், அதில் எத்தனை வாக்கு யாருடையது என்று உங்களாலேயே சொல்ல முடியாது. கருத்தைத் தெரிவிக்க விரும்புகிறவர்கள் பெயர், வார்டு, கையெழுத்தோடு காகிதத்தில் மனு எழுதி, வார்டு உறுப்பினருக்கு ஒரு நகல் கொடுத்து, செயல் அலுவலரிடம் நேரில் சேர்த்து, தேதியிட்ட ஒப்புகை வாங்கிக்கொள்ளட்டும். ஆதரிப்பவர்களும் எதிர்ப்பவர்களும் தனித்தனி மனுவாகக் கொடுக்கலாம்.